சென்னைத் துறைமுகச் சுவரும் ஊர்ந்து வந்த மணலும்



பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆவடி முகாமில் வைத்திருந்தார்கள், அல்லது நாகப்பட்டினம் முகாமில் வைத்திருந்தார்கள், பிறகு கப்பல் வந்தது என்று தொடங்கும் அந்தக் கதை. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். கப்பல் கரைக்கு வராது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கும், படகில் கொண்டுபோய்த்தான் அதில் ஏற்றுவார்கள் என்பார்கள். சென்னையில் ஏறியவர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அங்கே கப்பல் இரண்டு பெரிய சுவர்களுக்கு உள்ளே, அலையில்லாத நீரில் நின்றது. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் நம் தோட்டங்களில் குறைவு. அந்த ரஜூலாவும் அச்சுவர்களுக்கு உள்ளிருந்துதான் பினாங்கை நோக்கிப் புறப்பட்டது.

அந்தச் சுவர்கள் எப்படி எழுந்தன, எழுந்த பின் கடற்கரையை என்ன செய்தன, இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா என்பதை இன்று பார்ப்போம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேரான மணற்கரை; அதன்மேல் ஓயாது வந்து மடியும் அலை. வணிகக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அந்த அலையை எப்படிக் கடப்பது என்பது கரையோர மீனவருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. கோட்டையில் இருந்த ஆளுநரும் அவர்களை நம்பித்தான் கரையேறினார்.

1861-ஆம் ஆண்டில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. திருகாணி போன்ற அடிகளைக் கொண்ட இரும்புத் தூண்களைக் கடலடியில் முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் பாலம் அமைத்தார்கள். 1868-இலும் 1872-இலும் வந்த புயல்கள் அதைக் கெடுத்தன. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். அந்தப் பாலம் நின்ற காலத்தில் கடற்கரையின் வடிவம் பெரிதாக மாறவில்லை. தூண்களின் இடைவெளி வழியே நீரும் போயிற்று, மணலும் போயிற்று.

பாலம் போதாது, கப்பல்கள் ஒதுங்குவதற்கு அடைப்பு வேண்டும் என்று முடிவாயிற்று. 1875 டிசம்பர் 15-ஆம் நாள், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பார்க்ஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, ஏறத்தாழ ஆயிரம் கஜ இடைவெளியில் இரண்டு சுவர்கள் கரையிலிருந்து கடலுக்குள் சென்று, முனையில் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, நடுவே கிழக்குப் பார்த்த வாயிலை விட்டன. இவை தூண்களல்ல, அடிமுதல் முடிவரை கெட்டியான சுவர்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-ஆம் நாள் ஒரு பெரும்புயல் அவற்றின் பெரும்பகுதியைச் சரித்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள். கட்டி முடிக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

புயல் ஒரே இரவில் வந்து போகும் எதிரி. இன்னோர் எதிரி இரவும் பகலும் ஓசையின்றி வந்துகொண்டிருந்தது. அதுதான் மணல்.

கடற்கரை மணல் அங்கேயே கிடப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியன்று. அலை கரையில் நேராக வந்து மோதுவது அரிது. சற்றுச் சாய்ந்தே வரும். சாய்ந்து ஏறும்போது மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். இறங்கும்போது நேரே இழுக்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணியும் ஓர் அடி நகர்ந்து, ஆண்டு முழுவதும் கரையோரமாகப் பயணம் செய்கிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் சென்னைக் கரையின் மணல் வடக்கே போகும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆனால் போவது அதிகம், திரும்புவது குறைவு. மீதம் கணக்கிட்டால் ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. கரையை ஒட்டி ஓடும் மணலாறு என்றே இதைச் சொல்லலாம்.

அந்த ஆற்றின் குறுக்கே கெட்டியான சுவர் வைத்தால் என்ன ஆகும்? பெரிய மழைக்குப் பிறகு நம் பள்ளிக்குப் பின்னாலுள்ள மழைக்கால்வாயில் மாணவர்களுடன் இதைச் செய்து பார்த்தோம். முதலில் கால்வாயின் ஓரத்தில் ஈர்க்குச்சிகளை வரிசையாகக் குத்தினோம். மணல் அவற்றின் ஊடே போய்க்கொண்டே இருந்தது. குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் ஒரு செங்கல்லை ஓரத்தோடு ஒட்டி வைத்தோம். கால்மணி நேரத்தில் நீர் வரும் பக்கம் மணல் குவிந்தது. நீர் போகும் பக்கம் ஓரம் அரித்துப் பள்ளம் விழுந்தது. செங்கல் மணலை உண்டாக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஒரு பக்கத்துக்குச் சேர வேண்டியதை மறுபக்கத்தில் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

சென்னையிலும் இதுவே பெரிய அளவில் நடந்தது. தெற்குச் சுவரை அண்டி மணல் சேர்ந்தது. கடல் பின்வாங்கியது. ஆண்டுதோறும் கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டப், கரையோரத்தில் உலாவும் சாலை அமைத்து அதற்கு ‘மெரினா’ என்று பெயர் சூட்டினார். இன்று மக்கள் பட்டம் விட்டு, சுண்டல் வாங்கித் தின்று, மணலில் நெடுந்தூரம் நடந்த பிறகே அலையைத் தொடும் அந்த அகன்ற மெரினா, பெரும்பாலும் துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்தான். சென்னைக்குப் போய் வந்த நம் உறவினர் மெரினாவில் எடுத்த படத்தைக் காட்டும்போது, நாம் இதை ஒருமுறை எண்ணிக்கொள்ளலாம்.

படத்தில் வராதது வடக்குப் பக்கம். இராயபுரத்திலிருந்து வடக்கே மீனவர் குப்பங்கள் வரிசையாக இருந்தன. அவர்களுக்குக் கரை என்பது படகை ஏற்றி வைக்கும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயப்போடும் இடம், குடியிருக்கும் இடம். அவர்கள் கரைக்கு வழக்கமாக வந்த மணல் வரவில்லை. ஆனால் அலை தன் வழக்கப்படி அங்கிருந்த மணலை வடக்கே எடுத்துச் சென்றுகொண்டே இருந்தது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் எந்தக் குடும்பக் கணக்கும் என்ன ஆகுமோ, அக்கரையும் அதுவே ஆயிற்று. கரை தேய்ந்தது. குடிசைகளும் தெருக்களும் கடலுக்குப் போயின. பிறகு கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். மசூலாப் படகை ஓட்டி ஊரை வாழவைத்த மக்களின் சந்ததியினரே இந்த இழப்பைச் சுமந்தார்கள் என்பது இவ்வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் பகுதி. மணல் வந்து சேரும் என்ற அச்சம் தொடக்கத்திலேயே பேசப்பட்டதுதான். ஆனால் அந்தப் பேச்செல்லாம் வாயில் தூர்ந்துவிடுமா, கப்பல் வருமா என்பதைப் பற்றியே இருந்தது. வடகரைக்கு எந்தக் கணக்கேட்டிலும் பக்கம் ஒதுக்கப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

வாயிலுக்கும் தொல்லை வந்தது. கிழக்குப் பார்த்த வாயில் வழியே அலை உள்ளே புகுந்தது, மணலும் நெருங்கியது. 1904-இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறக்கச் செய்தார். சென்னைக் கரையில் மணல் செல்லும் முறையை ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதியவரும் அவரே. அவர் தலைமையில் இருந்த துறைமுக அலுவலகத்தில்தான் 1912 மார்ச்சில், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். அவர்தான் கணிதமேதை இராமானுசன். மணலை அளந்த ஸ்பிரிங், இராமானுசனின் திறமையையும் அளந்தறிந்து, அவர் வெளிநாடு செல்லத் துணைநின்றவர்களுள் ஒருவரானார்.

சரி, கட்டிய பிறகு அளப்பதைவிட, கட்டும் முன்பே சிறிய அளவில் செய்து பார்க்கலாகாதா? நம் மாணவர் செங்கல்லை வைத்துப் பார்த்ததுபோல? அந்த எண்ணம் சென்னையில் பிறக்கவில்லை. சென்னைச் சுவரைப் புயலுக்குப் பின் மறுபடி கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தில் இரண்டு நகரங்களுக்கு இடையே எழுந்த வழக்கில் பிறந்தது.

மான்செஸ்டர் நூல் நெய்யும் நகரம். கடலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. லிவர்பூல் மெர்சி ஆற்றின் வாயிலிலுள்ள துறைமுகம். மான்செஸ்டர்க்காரர்கள் தங்கள் ஊருக்கே கப்பல் வரும்படி கால்வாய் வெட்ட விரும்பினார்கள். முகத்துவாரத்துக்குள் தாழ்வான சுவர்களை எழுப்பி, நீரை ஒரே வழியில் ஓடவிட்டு ஆழமாக்கலாம் என்பது அவர்களின் முதல் திட்டம். லிவர்பூல் எதிர்த்தது. அதன் வாதம் கவனிக்கத்தக்கது. மெர்சியின் வாய் குறுகியது. உள்ளே வயிறு அகன்றது. கடல் ஏறும்போது அந்த அகன்ற வயிறு நிரம்பும். இறங்கும்போது அவ்வளவு நீரும் குறுகிய வாய் வழியே பாய்ந்து, வாயை அரித்து ஆழமாக வைத்திருக்கும். உள்ளே சுவர் வைத்தால், சுவருக்கு அப்பால் நீர் மந்தமாகி மணல் படியும். வயிறு சுருங்கும். ஏறி இறங்கும் நீர் குறையும். வாய் தூர்ந்துபோகும். 1883-இலும் 1884-இலும் நாடாளுமன்றம் திட்டத்தைத் தள்ளிவிட்டது. கால்வாயை முகத்துவாரத்தின் ஓரமாக ஒதுக்கிக் கொண்டுபோக ஒப்பிய பிறகே 1885-இல் அனுமதி கிடைத்தது. கால்வாய் 1894-இல் திறக்கப்பட்டது.

அந்த 1885-ஆம் ஆண்டில், மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராயிருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் ஒரு மாதிரி அமைத்தார். மெர்சியின் முகத்துவாரத்தை ஒரு பெட்டிக்குள் அடக்கினார். ஒரு மைலுக்கு இரண்டு அங்குலம் என்பது அதன் நீள அகல அளவு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆற்றில் பெரிய ஏற்ற நாள்களில் கடல் முப்பது அடி வரை ஏறி இறங்கும். நீளத்தைக் குறைத்த அதே விகிதத்தில் உயரத்தையும் குறைத்தால், முப்பது அடி ஏற்றம் ஓர் அட்டையின் கனத்துக்கு வந்துவிடும். நீர் ஓடாது, மணலை நனைப்பதோடு நின்றுவிடும். ஆகவே உயரத்துக்கு மட்டும் வேறு அளவு வைத்தார்: எண்பது அடிக்கு ஓர் அங்குலம். இப்போது ஏற்றம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நீர் ஓடியது, மணலையும் நகர்த்தியது.

நேரத்தையும் சுருக்க வேண்டும். ஆழம் குறைந்த நீரில் அலை மெதுவாகச் செல்லும். ஆனால் பெட்டியில் அது கடக்க வேண்டிய தூரமோ மிக மிகக் குறைவு. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடலில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையேயுள்ள பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், பெட்டியில் ஏறத்தாழ நாற்பது விநாடியாகிறது. ஆண்டுக்குச் சுமார் 705 ஏற்றங்கள். பெட்டியை ஒரு முழுநாள் ஓட்டினால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்றங்கள். அதாவது, ஒரே நாளில் மெர்சி ஆற்றின் மூன்றாண்டு வாழ்க்கை கண்முன் நடந்துவிடும்.

கடல் பக்கத்தில் கீலில் பொருத்திய தட்டை ஏற்றி இறக்கி, நீரை ஏறவும் வற்றவும் செய்தார். மணலைச் சமமாகப் பரப்பி விட்டுத்தான் தொடங்கினார். ஆயிரக்கணக்கான முறை நீர் ஏறி வற்றிய பின், அந்தச் சமதளத்தில் வாய்க்கால்களும் திட்டுகளும் தாமாகவே உருவாயின. அவை மெர்சியின் உண்மையான கடல்வரைபடத்தில் இருந்த வாய்க்கால்களையும் திட்டுகளையும் பெரிதும் ஒத்திருந்தன. யாரும் கையால் வரையாமல், நீரே வரைந்த படம் அது. அடுத்த ஆண்டு வெர்னன் ஹார்கோர்ட் என்னும் பொறியாளர் பிரான்சு நாட்டின் செய்ன் ஆற்று முகத்துவாரத்துக்கு இத்தகைய மாதிரி அமைத்து, எங்கே சுவர் வைத்தால் மணல் எங்கே படியும் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார். இந்தியாவிலும் 1916-இல் தொடங்கிய, பூனா நகருக்கருகே கடக்வாஸ்லாவிலுள்ள நீராய்வு நிலையம், ஆறுகளுக்கும் துறைமுகங்களுக்கும் மாதிரி செய்து சோதிக்கும் பெரிய நிலையமாக வளர்ந்தது.

மாதிரிக்கும் எல்லை உண்டு. ஆற்றைச் சுருக்கலாம், மணல்மணியைச் சுருக்க முடியாது. சுருக்கினால் அது களிமண்ணாகி ஒட்டிக்கொள்ளும். இதனால் பிற்காலத்தார் மணலுக்குப் பதிலாக நிலக்கரித் தூள், மரத்தூள், பிளாஸ்டிக் மணி ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். மேலும், மெர்சியில் மணலை ஆட்டுவிப்பது கடலின் ஏற்ற இறக்கம். நம் கிள்ளான் துறைமுகத்திலும் பெரிய ஏற்ற நாள்களில் நீர் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அங்கே படிவது பெரும்பாலும் சேறு. சென்னையிலோ ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே. அங்கே மணலை நகர்த்துவது சாய்ந்து வரும் அலை. ரெனால்ட்ஸின் பெட்டியை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோயிருந்தாலும் பயன் குறைவுதான். அலையை உண்டாக்கும் தொட்டிகள் பின்னர் வந்தன. 1950-களுக்குப் பிறகு கணினி வந்தது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் நீர் எவ்வளவு, போகும் நீர் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கணினி எழுதிக்கொண்டே போகும். ஆனால் கரையில் நின்று ஆண்டுமுழுவதும் அலையையும் மணலையும் அளந்து கொடுக்க ஆள் வேண்டும். அளவு தவறினால் கணினி தவறான விடையை விரைவாகச் சொல்லும்.

சென்னை கற்ற பாடம் மற்றத் துறைமுகங்களுக்கு உதவிற்று. 1933-இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத்தில், வாயிலுக்குத் தெற்கே இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைதடுப்பாக்கினார்கள். வரும் மணல் அங்கே ஒதுங்கும். மணல்வாரும் கப்பல் அதை அள்ளும். அள்ளியதை வடக்குக் கரைக்குக் கொடுப்பதும் அங்கே நடந்திருக்கிறது. சுவர் தடுத்ததை மனிதன் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இது. இதில் சோம்பல் கூடாது; மணல் ஒவ்வோர் ஆண்டும் வரும்.

அந்தப் பாடத்தை எல்லாரும் படித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளிலேயே நகரத்துக் கடற்கரையில் மணல் மறைந்து கருங்கற்கள் மட்டும் நின்றன. சென்னையில் நடந்து ஒரு நூற்றாண்டு கழித்து, அதே கரையில், அதே மணல். 2018-இல் கடல் தொழில்நுட்ப அறிஞர்கள், கணினி மாதிரி பார்த்து, நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் திட்டை இறக்கினார்கள். நகரத்தின் முன்னே மணல் ஓரளவு திரும்பி வந்தது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையில் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்குவியல்களை மீனவர் அப்படி அழைக்கின்றனர். அவற்றின் இடையே கொஞ்சம் மணல் தங்கியது. ஆனால் தூண்டில் வளைவும் ஒரு குட்டிச் சுவர்தான். புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம் பகுதியிலும் அதற்கு அப்பாலும், ஒரு குப்பத்துக்கு முன்னே தூண்டில் வளைவு போட்டதும், அதற்கு வடக்கேயுள்ள குப்பத்தார் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அவர்களுக்கு வர வேண்டிய மணல் இப்போது பக்கத்துக் குப்பத்தின் கரையில் கிடக்கிறது.